எண்ணெய் எங்கே போச்சு?
ஒரு பழைய வண்டி எங்கள் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் தாளவாடி மலைக் குழு ஒன்றின் உறுப்பினர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தலைவி அக்கா ஒன்று கேட்டார். "கடன் வாங்கினோம், மாடு வாங்கினோம், முன்னேறினோம்னு எல்லாரும் சொல்றீங்க. கடன் வாங்கி ஏமாந்த கதையை ஒருத்தராவது சொல்லுங்களேன். அதுலயும் படிக்க விஷயம் இருக்கும்ல" என்றார். அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. நாங்களும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். ஊருக்குப் போய்ப் பேசிப் பார்த்தோம். நம்ம கதையைச் சொன்னால் இன்னொரு குழுவுக்காவது காசு மிச்சம் ஆகுமே என்று தோன்றியது. அதனால் இன்றைக்குச் சொல்கிறோம்.

இது ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிய கதை. "பொம்பளைங்க கூட்டத்துல மோட்டார் சைக்கிள் பேச்சு எதுக்கு?" என்று நினைக்காதீர்கள். கடைசி வரைக்கும் கேளுங்கள்.

வண்டி வந்த கதை

எங்கள் ஊர் தார் ரோட்டில் இருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நடுவில் ஒரு பள்ளம், அதைத் தாண்டினால் செங்குத்தான ஏற்றம். கல்லும் மண்ணுமான தடம்தான். மழை பெய்தால் மாட்டு வண்டி கூட வழுக்கும். குழுக் கடனில் எங்களில் மூன்று பேர் கறவை மாடு வாங்கினோம். காலையில் 22 லிட்டர் பால் வரும். அதை ஏழு மணிக்குள் தார் ரோட்டில் உள்ள பால் சேகரிப்பு இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஜீப்புக்கு நாளைக்கு 150 ரூபாய் கொடுத்தோம். சாயங்காலம் ஜீப் வராது. சாயங்காலப் பாலை ஊருக்குள் வந்த விலைக்குக் கொடுத்தோம், மீதியைத் தயிராக்கினோம்.

எங்கள் உறுப்பினர் தங்கச்சி ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் 2017-ல் தவறிவிட்டார். அவர் ஓட்டிய யெஸ்டி 250 வண்டி, 1989-ம் வருட மாடல், மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. எங்கள் மலையில் இந்த வண்டியைத் தெரியாதவர் கிடையாது. பக்கத்தில் மைசூரில்தான் அதைச் செய்தார்கள். செக்கோஸ்லோவாக்கியா நாட்டு ஜாவா வண்டியின் வழியில் வந்தது. ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு பக்கமும் சைலன்சர் இருக்கும். கியர் போடுகிற கம்பியையே உள்ளே அழுத்தித் தூக்கினால் அதுதான் கிக்கர். அந்தக் காலத்தில் காபித் தோட்டத்துக்கும் காட்டுத் தடத்துக்கும் மூட்டையோடு ஏறி இறங்கிய வண்டி அது.

2023-ல் ஒருநாள் பழைய இரும்புக்காரர் வந்து கிலோக் கணக்கில் விலை கேட்டார். தங்கச்சி கொடுக்க மனசில்லாமல் குழுவில் வந்து சொன்னாள். "இதை ஓட வச்சா நம்ம பாலை நாமளே கொண்டு போயிரலாம் அக்கா. ரெண்டு கேனை ரெண்டு பக்கமும் கட்டலாம். மொபெட்டு இந்த ஏத்தத்துல கேனோட ஏறாது, இது ஏறும்" என்றாள். யோசனை நல்லாத்தான் இருந்தது.

முதல் கடன், முதல் தப்பு

அவளுக்கு 12,000 ரூபாய் உள்கடன் கொடுக்கத் தீர்மானம் எழுதினோம். எங்களில் மூத்த உறுப்பினர், நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர், கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "வண்டி ஏன் நின்னுச்சுன்னு யாருக்காவது தெரியுமா? நோவு என்னன்னு தெரியாம வைத்தியத்துக்குப் பணம் கொடுக்கிறீங்களே" என்று கேட்டார். எங்களுக்குக் கோபம் வந்தது. "புருசன் இல்லாத புள்ள, நாலு காசு சம்பாதிக்கப் பாக்குது, தடுக்கிறீங்களே" என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். பெரியக்கா அதற்கப்புறம் இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. அதை நாங்கள் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை. இதுதான் எங்கள் முதல் தப்பு.

வண்டியை ஒரு பட்டறைக்கு ஏற்றி அனுப்பினோம். அங்கே சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதாவது போர் அடித்து, புது பிஸ்டன் போட்டார்கள். கார்புரேட்டர் கழுவினார்கள், பிளக் மாற்றினார்கள். டேங்க் உள்ளே துரு பிடித்திருந்தது. அதை நாங்களே சுத்தம் செய்தோம். புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, பொடிக்கல் போட்டு இரண்டு நாள் குலுக்கிக் குலுக்கி வைத்தோம். பித்தளைக் குண்டான் துலக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா? அப்புறம் நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் போக வெயிலில் காயவைத்தோம்.

வண்டி ஓடியது! ஊரே கூடி நின்று பார்த்தது. தங்கச்சி அழுதுவிட்டாள்.

ஆனால் புகை அதிகமாக வந்தது. வெள்ளை வெள்ளையாக, கொசு மருந்து அடிக்கிற மாதிரி. திரும்பப் பட்டறைக்குப் போய்ச் சொன்னோம். "பெட்ரோல்ல ஆயில் ஜாஸ்தி ஊத்துறீங்க. குறைச்சு ஊத்துங்க" என்றார்கள். நாங்களும் குறைத்தோம். பத்தாவது நாள், இரண்டு கேன் பாலோடு பள்ளத்து ஏற்றத்தில் போகும்போது வண்டி தானாகவே இரைச்சலாக ஓடியது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இரைச்சல் குறையவில்லை. அப்புறம் "கிர்ர்" என்று ஒரு சத்தம், பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. வண்டி சாய்ந்து, பால் கொட்டிப் போனது. நல்லவேளை, தங்கச்சிக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. தலைக்கவசம் போட்டிருந்தாள்.

பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக்குகள் இதை ஜாம் என்றும் சீஸ் என்றும் சொல்வார்கள். புதுப் பிஸ்டனில் கோடு கோடாகச் சிராய்ப்பு. கடன் வாங்கிப் போட்ட காசு பத்து நாளில் போச்சு.

எண்ணெய் எங்கே போச்சு?

வண்டி திரும்பவும் கொட்டகைக்கு வந்தது. அந்த வாரக் கூட்டத்தில் யாருமே வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி மட்டும், "கடனை நான் கட்டிடறேன் அக்கா, பால் பணத்துல பிடிச்சுக்குங்க" என்று சொன்னாள். எங்களுக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியக்கா தானாகவே கொட்டகைக்கு வந்தார். "நான் சொன்னேன் பாத்தீங்களா" என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுல எங்கெங்க என்னென்ன ஊத்துனீங்க, சொல்லுங்க" என்றார். பெட்ரோலும் அதில் கலக்கிற டூ-டி ஆயிலும் ஒன்று. கியர் பெட்டிக்குத் தனியாக ஒரு எண்ணெய். பட்டறையில் ஒரு லிட்டர் புதுசாக ஊற்றியதாகச் சீட்டில் எழுதியிருந்தது. கிளட்ச் மூடியில் எண்ணெய் மட்டம் பார்க்க ஒரு சின்ன திருகு இருக்கும். மட்டம் சரியாக இருந்தால், அதைக் கழற்றினால் எண்ணெய் கசிய வேண்டும். கழற்றினோம். ஒரு சொட்டு வரவில்லை. அடித் திருகைத் திறந்து பாத்திரத்தில் பிடித்து அளந்தோம். அரை லிட்டர்கூடத் தேறவில்லை.

பெரியக்கா கொட்டகைத் தரையைப் பார்த்தார். ஒரு சொட்டுக் கறை இல்லை. "வெளிய ஒழுகல. உள்ளயும் இல்ல. அப்போ எண்ணெய் எங்க போச்சு?" என்றார்.

சகோதரிகளே, குழுக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் நாம் விடுகிறோமா? ரசீதுப் புத்தகம், ரொக்கப் பதிவேடு எல்லாவற்றையும் புரட்டி, எங்கே போச்சு என்று கண்டுபிடித்துவிட்டுத்தானே எழுந்திருக்கிறோம்? அதே கேள்விதான் இது. அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததால்தான் 12,000 ரூபாய் போயிற்று.

குக்கர் வாசர் மாதிரி ஒரு சின்னச் சாமான்

சாம்ராஜ்நகர் பக்கத்தில் யெஸ்டி வேலை மட்டுமே செய்த வயசான மெக்கானிக் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, இந்த முறை வண்டியோடு நாங்கள் நான்கு பேரும் போனோம். பெரியக்கா முதல் ஆளாகக் கிளம்பினார். எண்ணெய் குறைந்த விஷயத்தைச் சொன்னவுடனே அந்தப் பெரியவர் சிரித்தார். "எண்ணெய் புகையாப் போச்சும்மா. நீங்க பார்த்த வெள்ளைப் புகை அதுதான்" என்றார். பிறகு நமக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அவர் சொன்னதை எங்கள் பாஷையில் சொல்கிறோம்.

இன்றைக்கு வருகிற நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தனியாக நிற்கும். அதே எண்ணெய் சுற்றிச் சுற்றி வரும். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் அப்படிக் கிடையாது. யெஸ்டியில் பெட்ரோலோடு நாம் கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் அதன் கீழே சுற்றுகிற கிராங்க் பேரிங்குக்கும் கிடைக்கிற ஒரே எண்ணெய். அது வேலை செய்துவிட்டு எரிந்து போய்விடும்.

இன்னொரு விஷயம். பிஸ்டன் மேலே போகும்போது கீழே உள்ள கிராங்க் அறை காற்றையும் பெட்ரோலையும் உள்ளே உறிஞ்சும். பிஸ்டன் கீழே வரும்போது அதை அழுத்தி மேலே தள்ளும். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரிதான். துருத்தியில் ஓட்டை விழுந்தால் நெருப்பு ஊத முடியுமா? அதனால் அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிராங்க் தண்டு இரண்டு பக்கமும் வெளியே வருகிற இடத்தில் ரப்பர் வளையம் ஒவ்வொன்று இருக்கும். அதற்கு ஆயில் சீல் என்று பெயர். நம்ம குக்கர் வாசர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசர் காய்ந்து விறைத்துப் போனால் எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் விசில் வருமா? அரிசியையும் பருப்பையும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆறு வருஷம் ஓடாமல் கிடந்த வண்டியில் இரண்டு சீலும் காய்ந்து வெடித்திருந்தன. இடது பக்கம் கிளட்சும் கியர் எண்ணெயும் இருக்கிற பக்கம். அந்தச் சீல் போனதால் கிராங்க் அறை கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்தது. புகை அதனால் வந்தது. வலது பக்கம் டைனமோ இருக்கிற பக்கம். அந்தச் சீல் போனதால் வெளிக்காற்றை உறிஞ்சியது. காற்று கூடினால் பெட்ரோல் கலவை இளைத்துப் போகும். இளைத்த கலவை எரிந்தால் சூடு ஏறும். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இரைச்சல் அடங்காமல் போனது அதன் அடையாளம்.

இப்போது எங்கள் தப்பைப் பாருங்கள். காற்று புகுந்து ஏற்கனவே சூடாகிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு, புகை வருகிறதே என்று பெட்ரோலில் கலக்கிற எண்ணெயையும் நாங்கள் குறைத்தோம். தாகத்தில் தவிக்கிறவனிடம் இருந்த சொம்பையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி. பிஸ்டன் பிடிக்காமல் என்ன செய்யும்?

எங்கள் கண் முன்னால் அவர் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். அந்தச் சீல் உள்ளங்கையில் அடங்குகிற சாமான். விரலால் வளைத்தால் அப்பளம் மாதிரி உடைந்தது. இரண்டு சீலும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். ஆனால் அதை மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டும். அதற்குக் கூலி. சிராய்ப்பு விழுந்த சிலிண்டரை இன்னொரு சுற்றுக் கடைய வேண்டும், அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டன் வேண்டும். சிலிண்டரை இஷ்டத்துக்குக் கடைந்துகொண்டே போக முடியாது. ஒவ்வொரு தடவைக்கும் சுவர் மெலியும். எங்கள் அவசரத்தில் ஒரு சுற்று வீணாகப் போயிற்று. கிராங்க் பேரிங்குகளையும் அதே கையோடு மாற்றினார். மொத்தம் 8,500 ரூபாய் ஆனது.

இந்த இரண்டாவது கடனுக்கான தீர்மானத்தில் முதல் கையெழுத்து பெரியக்காவுடையது. "இப்ப நோவு தெரிஞ்சிருச்சு. இப்பக் கொடுக்கலாம்" என்றார்.

நாங்கள் கடைப்பிடிக்கிற முறைகள்

பெரியவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு வந்து கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். டூ-ஸ்ட்ரோக் வண்டி இன்னும் சில வீடுகளில் இருக்கும். உங்களுக்கும் உதவும்.

எண்ணெயைக் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. எங்கள் வண்டிக்கு அவர் சொன்ன அளவு, போர் அடித்த பிறகு முதல் 500 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 50 மில்லி. அதற்குப் பிறகு லிட்டருக்கு 40 மில்லி. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. மருந்து ஊற்றுகிற அளவுக் குப்பியில் அளந்து, தனிக் கேனில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் டேங்கில் ஊற்றுவோம். உங்கள் வண்டிக்கு அளவு வேறாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டூ-டி ஆயிலுக்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றாதீர்கள்.

இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே நீண்ட தூரம் இறங்கக் கூடாது. இது மலைக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. பெட்ரோல் போனால்தான் எண்ணெய் போகும். ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் நிற்கும், எண்ணெயும் நிற்கும். சக்கரம் மட்டும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் இடையிடையே கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, எண்ணெய் போக வழி செய்ய வேண்டும்.

வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் குழாயை மூட வேண்டும். கலந்த பெட்ரோலை மாதக் கணக்கில் வைக்கக் கூடாது. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் குழாயின் ரப்பரை நாங்கள் அடிக்கடி விரலால் அழுத்திப் பார்க்கிறோம். பிசுபிசுத்தாலோ வெடித்தாலோ மாற்றிவிடுகிறோம்.

மாதம் ஒரு தடவை கியர் எண்ணெய் மட்டம் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கிறோம். காபித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் சூடு அதிகம். கறுத்து நனைந்திருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ அதிகம். சைலன்சர் உள்ளே கரி அடையும், அதையும் அவ்வப்போது எடுக்க வேண்டும். புகைபோக்கி அடைத்தால் அடுப்பு எரியாது என்பது நமக்குத் தெரியாததா?

மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓடவிடக் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும். அடுப்புப் பக்கத்தில் பெட்ரோல் வைத்து எதையும் கழுவக் கூடாது. காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்புவோம். எங்கள் தடத்தில் யானை நிற்கும். பால் பத்து நிமிஷம் தாமதமானால் பரவாயில்லை.

வண்டி யார் பேரில் இருக்கிறது?

இதையும் சொல்லிவிடுகிறோம். வண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். தவறிப்போன வீட்டுக்காரர் பேரிலேயே இருந்தது. பதிவும் காலாவதி ஆகியிருந்தது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு முதலில் 15 வருஷம் செல்லும். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் தனி.

உரிமையாளர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் பதிவு செய்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, ஆர்.சி., காப்பீடு, வாரிசு என்பதற்கான ஆதாரம் தேவை. எங்களுக்கு இது தெரியாது. ஆறு வருஷம் தாண்டிப் போய் நின்றோம். தாமதத்துக்கும் சேர்த்துக் கட்டினோம், நாலு தடவை அலைந்தோம். 2021-ல் வந்த விதித் திருத்தப்படி வண்டி உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே வாரிசைப் பதிவு செய்து வைக்கலாம். வீட்டில் வண்டி இருக்கிற சகோதரிகள் இதைச் செய்து வையுங்கள். வண்டி மட்டுமல்ல, நிலம், மாடு, பேங்க் பாஸ்புத்தகம் எதுவாக இருந்தாலும் யார் பேரில் இருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

பேர் மாறி வந்த நாளில் தங்கச்சி அந்த ஆர்.சி.யைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தாள். ஒவ்வொருத்தர் கையாக வாங்கிப் பார்த்தோம். அவள் பேரில் முதல் முதலாக ஒரு சொத்து. அப்புறம் கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். போட்டு, லைசென்சும் எடுத்துவிட்டாள். இப்போது இன்னொரு உறுப்பினரும் ஓட்டப் பழகுகிறார்.

வரவு செலவு

கணக்கைச் சொல்லாமல் போனால் குழுப் பேச்சு ஆகாது. காலையும் மாலையும் சேர்த்து நாளைக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோலும் ஆயிலும் 80 ரூபாய் பக்கம் ஆகிறது. பழுதுக்கென்று தினமும் 20 ரூபாய் உண்டியலில் போடுகிறோம். ஆக 100 ரூபாய். முன்னே ஜீப்புக்குக் காலையில் மட்டும் 150 கொடுத்தோம். இப்போது சாயங்காலப் பாலும் சேகரிப்பு இடத்துக்குப் போகிறது. செலவை லிட்டர் கணக்கில் மூன்று பேரும் பிரித்துக்கொள்கிறோம். தங்கச்சிக்கு ஓட்டுக் கூலி தனியாக உண்டு. இரண்டு கடனையும் அவள் தவணை தவறாமல் கட்டி முடித்தாள். ஆனாலும் முதல் கடனில் போன காசு போனதுதான். அது திரும்ப வரவில்லை. வந்ததாக நாங்கள் சொல்ல மாட்டோம்.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி வாங்குங்கள் என்றும் நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். புகை அதிகம், பெட்ரோல் அதிகம் குடிக்கும். அந்த மைசூர் ஆலை 1996-லேயே மூடியாயிற்று. 2022-ல் அதே பேரில் வந்தது நாலு ஸ்ட்ரோக் வண்டி. அதன் எஞ்சின் சாமான் இதற்குப் பொருந்தாது. வீட்டில் கிடப்பது ஒன்று இருந்தால், அதைத் தெரிந்த கைகளும் இருந்தால், அப்போது யோசியுங்கள்.

எங்கள் குழுவின் புதுத் தீர்மானம்

இதற்குப் பிறகு எங்கள் தீர்மானப் புத்தகத்தில் ஒரு விதி எழுதியிருக்கிறோம். மோட்டாரோ, தையல் மிஷினோ, கிரைண்டரோ, எதுவாக இருந்தாலும் பழுதுக்குக் கடன் கேட்டால் மூன்று கேள்வி கேட்போம். ஒன்று, ஏன் நின்றது? இரண்டு, அந்தக் காரணத்தை யார் பார்த்துச் சொன்னது? மூன்று, மாற்றிய பழைய சாமானைத் திருப்பி வாங்கி வருவீர்களா? மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் பணம். காய்ந்து உடைந்த அந்த இரண்டு சீலையும் குழுப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். புது உறுப்பினர் வந்தால் எடுத்துக் காட்டுவோம்.

எழுதாத இன்னொரு விதியும் இருக்கிறது. கூட்டத்தில் ஒருத்தர் மட்டும் "எனக்குச் சம்மதம் இல்லை" என்று சொன்னால், அவர் மனசு நோகப் பேசாமல், ஏன் என்று கேட்போம். பெரியக்காவை அன்றைக்குக் கேட்டிருந்தால் எங்களுக்கு 12,000 ரூபாயும் மிச்சம், மனஸ்தாபமும் மிச்சம். அவரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் இருக்கட்டும், இந்த மாசம் எண்ணெய் மட்டம் யாரு பாத்தீங்க?" என்று கேட்டார். அவர் இப்போது எங்கள் வண்டி நோட்டுக்குப் பொறுப்பாளர். அதோ, அந்த வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

சகோதரிகளே, மிஷின் என்றால் ஆம்பளை சமாசாரம் என்று நாம் ஒதுங்கிப் போகிறோம். ஆனால் அதற்குப் போகிற பணம் நம்முடையது, கடனும் நம் பேரில்தான். குறைந்தது எங்கே போச்சு என்று கேட்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. அந்தக் கேள்வி நமக்குப் புதுசு இல்லை. ஒவ்வொரு வாரமும் பதிவேட்டைப் பிரித்து வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.